வெளிக்கோடு மட்டும்

கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் கொஞ்ச நேரத்தில் திரை இருண்டுவிடும், இருண்டால் இந்தக் கம்ப்யூட்டர் தூங்கப் போய்விடும், தூங்கினால் சர்வரோடு இருக்கிற தொடர்பு அறுந்து, காலையிலிருந்து ஊர்ந்து ஊர்ந்து வந்த பச்சைக் கோடு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தூங்காமல் இருக்கச் செய்ய ஒரு பாஸ்வேர்டு போதும். அது கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற ஃபாரூக் அண்ணனிடம் இருக்கிறது. ஃபாரூக் அண்ணன் தங்கை கல்யாணத்துக்கு ஆம்பூர் போயிருக்கிறார், ஃபோனை எடுக்கவில்லை, கல்யாண வீட்டில் யார் எடுப்பார்கள். அதனால் நான் மவுஸை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம். தொட்டில் ஆட்டுகிற மாதிரி, ஆனால் தூங்க விடாமல் ஆட்டுவதற்கு. முள் ஓடுகிற கைக்கடிகாரத்தை மவுஸுக்கு அடியில் வைத்தால் அது பாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும் என்று பக்கத்து மேஜை ஜெசிந்தா சொன்னாள். ஆஃபீஸ் முழுக்கத் தேடினோம், முள் ஓடுகிற கடிகாரம் கட்டுகிறவர் யாருமே இல்லை. சுவரில் இருக்கிறதைக் கழற்றலாமா என்று அவளே கேட்டு அவளே சிரித்தாள். இப்போது எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். ஏ.சி.யிலிருந்து வாளியில் தண்ணீர் சொட்டுகிறது. அதைக் கேட்கக் கூடாது. கேட்கக் கூடாது என்று நினைக்க நினைக்க அந்தச் சொட்டு என் அடிவயிற்றுக்குள்ளேயே விழுகிறது. ஜெசிந்தா கொடுத்த மோரைக் குடித்திருக்கக் கூடாது. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருந்தால் குடித்திருக்க மாட்டேன். குடிடி, வெயில் கொளுத்துது என்றாள், குடித்துவிட்டேன்.

பாத்ரூம் சாவி எங்கள் மேனேஜர் சம்பத் சார் அறைக்குள் இருக்கிறது, அவரும் உள்ளேதான் இருக்கிறார். இந்த மாடியில் மூன்று ஆஃபீஸ்களுக்கும் சேர்த்துப் பெண்களுக்கு ஒரே ஒரு பாத்ரூம், வெளியாட்கள் நுழைகிறார்கள் என்று பூட்டி வைத்து ஆளுக்கொரு சாவி கொடுத்திருக்கிறார்கள். எங்கள் சாவி தொலைந்துபோகக் கூடாது என்று அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரக்கட்டையைக் கட்டி, சாரின் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். எடுக்க வேண்டுமென்றால் கதவைத் தட்ட வேண்டும், உள்ளே போக வேண்டும், அவர் முதுகுப் பக்கம் நுழைந்து கையை நீட்ட வேண்டும், அந்தக் கட்டை சுவரில் இடித்து டக்கென்று சத்தம் போடும், பிறகு கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரவேற்பறை வழியாக நடக்க வேண்டும், நான் எங்கே போகிறேன் என்பதை ஊருக்கெல்லாம் தண்டோரா போடுகிற மாதிரி. ஜெசிந்தாவுக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை. சார் சாவி என்பாள், எடுத்துக்கொண்டு கட்டையைச் சுழற்றிக்கொண்டே போவாள். நான் சேர்ந்த புதிதில் சாயங்காலம் ஹாஸ்டல் போகிறவரை அடக்கிக்கொண்டிருப்பேன். இப்போது அவள் போகும்போது கூடவே போய்விடுகிறேன். அவள் எப்போது போவாள் என்று பார்த்துக்கொண்டிருப்பதே எனக்கு ஒரு வேலை. இன்றைக்கு அவள் கிளம்பிய நேரத்தில் என் கை மவுஸில் மாட்டிக்கொண்டது. வர்றியா என்று கேட்டாள், கோட்டைக் காட்டினேன், ஐயோ பாவம் என்று போய்விட்டாள். கொஞ்சம் இதை ஆட்டு, நான் போய்விட்டு வருகிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். அந்த வாக்கியம் முழுசாக எனக்குள் தயாராக இருந்தது. அவள் திரும்பி நடந்து கதவைச் சாத்திய பிறகும் தயாராகவே இருந்தது.

திரையில் கறுப்புப் பெட்டிக்குள் எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. ஒவ்வொரு எண்ணும் ஓர் ஏரி, மொத்தம் நானூற்றுச் சொச்சம். பெயர்களும் இருந்தன, தமிழில் இருந்தன, ஆனால் பழைய ஃபைலிலிருந்து எடுக்கும்போது எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிட்டன, வரிசையாக நாலைந்து கேள்விக்குறி, அதுதான் ஏரியின் பெயர். அம்மா அக்கம்பக்கத்தில் எங்க சுகிர்தா கம்ப்யூட்டர்ல ஏரியை எண்ணுறா என்று சொல்லி வைத்திருக்கிறாள். அப்பாவுக்கு ஒருமுறை விளக்கிச் சொல்லப் பார்த்தேன். ஏரியின் வரைபடம் ஒரு மாதிரி ஃபைலில் இருக்கும்ப்பா, அதுவும் ஒரே ஃபைல் இல்லை, ஒரே பெயரில் நாலைந்து ஃபைல், ஒன்றில் உருவம், ஒன்றில் விவரம், ஒன்றில் இது பூமியில் எங்கே இருக்கிறது என்பது, அதில் ஒன்றை விட்டுவிட்டாலும் மற்றவை திறக்காது. நாங்கள் அந்த உருவத்தைப் பிரித்து வெறும் எழுத்தாக மாற்றிக் கொடுக்கிறோம், நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதுகிற மாதிரி, எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கலாம். அப்பா யோசித்துவிட்டு, ஏரியைப் பிரிச்சா ஏரி எங்க இருக்கும் என்றார். கிண்டல் பண்ணுகிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். கட்டத்தில் நான்கே பத்திகள். ஏரி எண், புள்ளியின் வரிசை எண், அட்சரேகை, தீர்க்கரேகை. எங்களுக்கு இந்த வேலையைக் கொடுத்த அரசுத் துறையிலிருந்து வந்த மாதிரித்தாளில் அவ்வளவுதான். ஐந்தாவதாக ஒரு பத்தி வைத்தால் அவர்களுடைய இணையப் பக்கம் ஃபைலை வாங்காது, சிவப்பில் ஒரு வரி காட்டித் திருப்பி அனுப்பிவிடும். புள்ளிகளை வரிசையாக இணைத்தால் கரை வந்துவிடும். கரைக்குள்ளே விழுகிற சர்வே எண்களையெல்லாம் அந்தப் பக்கமே கண்டுபிடித்து ஆக்கிரமிப்பு என்று பட்டியல் போடும். பட்டியலில் இருக்கிற வீடுகளுக்கு நோட்டீஸ் போகும். நோட்டீஸ் வரைக்கும் யாரும் நேரில் போய்ப் பார்க்கத் தேவையில்லை, அதுதான் இந்தத் திட்டத்தின் சிறப்பே என்று சம்பத் சார் முதல் நாள் கூட்டத்தில் சொன்னார்.

ஆனால் சில ஏரிகளுக்கு உள்ளேயும் ஒரு கரை இருக்கிறது. நடுவில் ஒரு மேடு, தண்ணீர் ஏறாத இடம், ஏரியில் சேராத இடம். வரைபடத்தில் அதை ஓட்டையாக வரைவார்கள். வெளிக்கரை வலமாகச் சுற்றும், கோயிலைச் சுற்றுகிற மாதிரி. உள்வளையம் இடமாகச் சுற்றும். இடமாகச் சுற்றியிருந்தால் இது ஏரி இல்லை, இதை விட்டுவிடு என்று கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும். கல்லூரியில் இதைப் படித்தபோது யாரிடமும் சொல்லாமல் சந்தோஷப்பட்டேன், சுற்றுகிற திசையிலேயே இல்லை என்று சொல்லிவிட முடிகிறதே, வாயைத் திறக்காமல். நான்கு பத்திக் கட்டத்தில் அதற்கு இடம் இல்லை. வெளிக்கரைப் புள்ளிகள் முடிந்ததும் உள்வளையப் புள்ளிகளைத் தொடர்ந்து எழுதினால், அங்கிருந்து இங்கே தாறுமாறாக ஒரு கோடு ஓடும், படம் கோணல்மாணலாகும், துறையிலிருந்து ஃபோன் வரும். ஒருமுறை வந்தது. அதற்குப் பிறகு சார் இந்த மாற்றுகிற புரோகிராமில் ஒரு வரியைத் திருத்தினார். வெளிக்கோட்டை மட்டும் எடு. அன்றிலிருந்து ஃபோன் வரவில்லை. பெரும்பாலான ஓட்டைகளில் கருவேல மரம்தான் நிற்கும், கொக்கு நிற்கும். யாருக்கு நஷ்டம். நானூற்றுப் பதினேழில் மட்டும், பெரியாண்டித் தாங்கல் ஏரியில், வீடுகள் நிற்கின்றன.

இப்போது முன்னூற்றுச் சொச்சத்தில் இருக்கிறது. சின்னக் குளங்கள் வந்தால் எண் தடதடவென்று ஏறுகிறது, கரை வளைந்து நெளிந்த பெரிய ஏரி வந்தால் அப்படியே நிற்கிறது. நிற்கும்போது நின்றுபோய்விட்டதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, அடுத்த கணமே நிற்கட்டுமே என்றும் அடித்துக்கொள்கிறது. இடது, வலது. காலை மாற்றி மேலே போட்டால் கொஞ்சம் பரவாயில்லை. இல்லை, பரவாயில்லை இல்லை. காலையில் சொல்லிப் பார்த்தேன். சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பஸ்ஸிலேயே வாக்கியத்தைச் செய்து வைத்திருந்தேன், சார், பெரியாண்டித் தாங்கலில் உள்வளையத்தில் குடியிருப்பு இருக்கிறது, வெளிக்கோட்டை மட்டும் எடுத்தால் அது ஏரிக்குள் போய்விடும். நல்ல வாக்கியம். அறைக்குள் போனதும் சார், உள்ளே என்பது மட்டும் வந்தது. அவர் என்னம்மா உள்ளே என்றார். ஓட்டை சார் என்றேன். அவர் சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை, களைத்துப்போன ஆள் சிரிக்கிற சிரிப்பு. "ஓட்டையெல்லாம் யாரும்மா பாக்குறாங்க. அவங்க கேட்டது நாலே நாலு காலம்ஸ். மதியத்துக்குள்ள அனுப்பிடு, எனக்கு அதுவே பெரிய உபகாரம்." சரி சார் என்று வந்துவிட்டேன். சரி சார் மட்டும் எனக்குத் திக்காமல் வருகிறது. அவர் கொடியவர் இல்லை, அதுதான் கஷ்டம். போன மாதம் எனக்குக் காய்ச்சல் என்றபோது ஆட்டோவுக்குச் சொல்லி அனுப்பினார். எனக்கு முன்னால் இந்த மேஜையில் இருந்த பெண் நிறையக் கேள்வி கேட்பாளாம், அவளைக் கீழே ஸ்கேன் எடுக்கிற அறைக்கு அனுப்பிவிட்டார்கள், ஜன்னல் இல்லாத அறை. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. அங்கே ஆள் தேவைப்பட்டது என்றார்கள்.

பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் உதயம் ஸ்டாப்புக்கு முந்தையது. முன்னால் யாராவது இறங்கினால் நானும் இறங்குவேன். யாரும் இறங்கவில்லையென்றால் வண்டி நிற்காமல் போய்விடும். கண்டக்டர், நிறுத்துங்க என்று கூட்டத்துக்கு மேலே ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். கொடுத்ததில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன், ஏதோ வேலையிருந்து அந்தப் பக்கம் போய் வருகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் கேட்ட எல்லாவற்றுக்கும் எனக்கு விடை தெரியும். பேசினால்தானே மார்க் போட முடியும் என்று அவரே வருத்தப்பட்டார். தொண்டை அடைப்பது என்று எல்லாரும் சொல்கிறார்கள், எனக்கு அடைப்பதில்லை, திறந்துதான் இருக்கிறது, அந்த வழியாக எதுவும் வருவதில்லை, அவ்வளவுதான். எண் நின்றிருக்கிறது. பெரிய ஏரி. மவுஸ் இருக்கிற இடத்தில் மேஜையின் சன்மைக்கா தேய்ந்து வெள்ளையாகியிருக்கிறது, எனக்கு முன்னால் எத்தனை பேர் இங்கே ஆட்டிக்கொண்டிருந்தார்களோ. கீழே டைல்ஸ் கடையில் பெட்டி இறக்குகிற சத்தம், ஒவ்வொரு பெட்டியும் தரையில் விழும்போது நாற்காலி லேசாக அதிர்கிறது. அது வயிற்றில் வந்து நிற்கிறது. ஏப்ரலிலும் இப்படித்தான். அன்றைக்கும் இப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன், ஒன்றும் இல்லாதவள் மாதிரி.

செய்யாறு பக்கம் போயிருந்தோம், பழைய வரைபடத்தில் ஓட்டை இருக்கிற இடங்களை நேரில் பார்த்துவர. நான்கு ஆண்கள், நான் ஒருத்தி. விடியற்காலையில் கிளம்பியது, வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது ஆண்கள் எல்லாம் இறங்கினார்கள், நீ வர்றியாம்மா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை, எனக்கும் சொல்ல வரவில்லை. தண்ணீரே குடிக்காமல் இருந்தும் பத்து மணிக்கெல்லாம் உயிர் போயிற்று. பெரியாண்டித் தாங்கல் வறண்டு வெடித்துக் கிடந்தது. நடுவில் மேடு, மேட்டில் வீடுகள், வேப்பமரம், ஆட்டுக்கொட்டகை. நடுத்திட்டு என்று பெயர். வீடுகளுக்குப் பட்டா இருக்கிறது என்று கூட வந்த சர்வேயர் சொன்னார், தாத்தா காலத்துப் பட்டா, ஏரியில் தண்ணீர் நிற்கும்போதும் மேடு நனையாது. ஜி.பி.எஸ். கருவியை என் கையில் கொடுத்து, வீடுகளின் ஓரமாகவே, தப்பு வராமல் இருக்க, இரண்டு சுற்று சுற்றிவரச் சொன்னார்கள், அவர்கள் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். சுற்றினேன், இடமாக. துவைக்கிற கல், எருக்குழி, கொட்டகை, திரும்பத் துவைக்கிற கல். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஒரு புள்ளி. நிற்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். யாருக்கும் தெரிந்திருக்காது. வாசலில் முறத்தை வைத்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் கடலையை விட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை அந்தப் பக்கம் வந்தபோது முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். "இன்னா கண்ணு, அப்பலேர்ந்து இங்கியே சுத்தினுகிற. வா இப்டி." ஏன் என்று கேட்கவில்லை நான். கொல்லையில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த பாத்ரூம், தகரக் கதவு. "தாப்பா கெடையாது. நீ போ, நான் நிக்கறன்." கதவுக்கு வெளியே அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், தகரத்துக்குக் கீழே இருந்த இடைவெளியில் அவருடைய குதிகால்கள் தெரிந்தன, வெடிப்பில் செம்மண் ஏறிய குதிகால்கள். வாளியில் தண்ணீர் மொண்டு வைத்திருந்தார். எத்தனை தூரத்திலிருந்து கொண்டுவந்த தண்ணீரோ. நான் வெளியே வந்ததும் அவர் சிரித்தார். என் முகம் எப்படி இருந்ததோ.

பேர் பச்சையம்மா என்றார். கைநிறையக் கடலை கொடுத்தார். கருவியைப் பார்த்து, இதால இன்னா அளக்கறீங்க என்று கேட்டார். உங்க மேட்டை என்றேன், கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு. ஆச்சரியம், அவரிடம் பேச்சு வந்தது. அவர் கருவியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "ஏத்தினா எங்களுக்கு நல்லதா, கெட்டதா?" என்றார். நல்லதுதான் என்றேன். நினைத்துத்தான் சொன்னேன், நான்கு பத்தி மாதிரித்தாள் அப்போது வந்திருக்கவில்லை. ஏற்றினால்தானே இது ஏரி இல்லை என்று தெரியும். அந்த பாத்ரூமின் சுவர் மூலையில் நின்று கடைசிப் புள்ளியை எடுத்தேன், வளையம் மூடிக்கொண்டது. இன்றைக்கும் அந்தப் புள்ளியின் கடைசி இலக்கங்கள் எனக்குத் தெரியும், எதற்கு மனப்பாடம் ஆனது என்று தெரியாது. திரையில் நானூற்றுப் பதினான்கு. கை வேகமாக ஆடுகிறது. இவ்வளவு வேகம் தேவையில்லை, ஒரு சின்ன அசைவு போதும். நானூற்றுப் பதினைந்து. சாரின் அறையிலிருந்து பேச்சுச் சத்தம், துறை அதிகாரியோடு ஃபோனில் இருக்கிறார், ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது அவர் பழக்கம், இரண்டு குரல்களும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குடத்துக்குள் பேசுவது மாதிரி. நானூற்றுப் பதினாறு, நிற்கிறது, நிற்கிறது, நிற்காதா இப்படியே. நானூற்றுப் பதினேழு. கேள்விக்குறி கேள்விக்குறி கேள்விக்குறி. முடிந்தது. அவ்வளவுதான். ஒரு சத்தமும் இல்லை. நானூற்றுப் பதினெட்டு. வேப்பமரம், கொட்டகை, துவைக்கிற கல், குதிகால்கள். எல்லாவற்றின் மேலும் தண்ணீர் ஏறிவிட்டது, இல்லாத தண்ணீர், வெடித்துக் கிடக்கிற ஏரியின் தண்ணீர். அங்கே நோட்டீஸ் ஒட்டுவார்கள் என்றால் எங்கே ஒட்டுவார்கள், தகரக் கதவிலா. பச்சையம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா. யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்லும்போது என் முகம் ஞாபகம் வருமா, அந்தக் கண்ணுதான் நல்லதுன்னு சொல்லுச்சு.

கையை எடுத்தேன். யோசித்து எடுக்கவில்லை, அல்லது யோசித்தேனோ என்னவோ. மவுஸ் அப்படியே நின்றது. நான் எதுவும் சொல்ல வேண்டாம். எழுந்து போனால் போதும். கொஞ்ச நேரத்தில் திரை இருளும், தூங்கும், தொடர்பு அறுந்துவிடும், எழுதிக்கொண்டிருக்கிற ஃபைல் பாதியில் கெட்டுப்போகும், இன்றைக்கு அனுப்ப முடியாது. யாரும் என்னைத் திட்ட முடியாது, பாத்ரூம் போனேன் என்பேன், இல்லை, அதைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை, மரக்கட்டையைப் பார்த்தாலே புரிந்துகொள்வார்கள். வாயைத் திறக்காமலேயே இடமாகச் சுற்றிவிடலாம். எழுந்தேன். கால் மரத்துப் போயிருந்தது. சாரின் கதவைத் தட்டியது எனக்கே கேட்கவில்லை. அவர் நிமிரவில்லை, ஃபோனிலிருந்து அதிகாரியின் குரல் மதியம், மதியம் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. நான் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் போய்க் கையை நீட்டினேன், கட்டை சுவரில் இடித்தது, டக்கென்ற சத்தம், அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. இத்தனை மாதங்களாக இந்தச் சத்தத்துக்கா பயந்தேன்.

பாத்ரூம் ஜன்னலின் உடைந்த கண்ணாடியில் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர் டேங்க் தெரிகிறது, டேங்க் மேல் ஒரு காகம். உடம்பு லேசானதும் தலைக்குள்ளும் ஏதோ இளகியது. இங்கே தாழ்ப்பாள் இருக்கிறது, கனமான தாழ்ப்பாள், அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு நடுத்திட்டுக்கு எப்படிப் போனோம். ஜீப்பைக் கரையில் நிறுத்திவிட்டு நடந்தோம். ஏரிக்குள் இறங்கி நடந்தோமா. இல்லை. மண்பாதை ஒன்று இருந்தது, கரையிலிருந்து மேடு வரை, இரண்டு பக்கமும் கல் அடுக்கி உயர்த்திய பாதை, தண்ணீர் நிற்கிற காலத்திலும் பிள்ளைகள் இதிலேதான் பள்ளிக்கூடம் போகும் என்று சர்வேயர் சொன்னார். நான் அதில் நடந்தேன். அந்தப் பாதையும் ஏரி இல்லை. பாதை ஏரி இல்லையென்றால், கோடு கரையிலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கரையில் வந்துகொண்டிருக்கிற கோடு பாதையின் ஓரமாக உள்ளே திரும்பலாம், மேடு வரைக்கும் போகலாம், வீடுகளை இடமாகச் சுற்றலாம், பாதையின் அந்தப் பக்க ஓரமாகவே கரைக்குத் திரும்பி வந்து தன் சுற்றைத் தொடரலாம். எங்கும் அறுபடாத ஒரே கோடு. ஒரே வெளிக்கோடு. ஓட்டை என்று எதுவுமே இருக்காது, நடுத்திட்டு வெளியே இருக்கும், கரைக்கு வெளியே இருக்கிற எந்த ஊரையும் போல. நான்கு பத்தி போதும். புரோகிராமில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டாம். பாதையின் புள்ளிகளும் கருவியில் இருக்கின்றன, ஜீப்புக்குத் திரும்பி நடந்தபோது நான் அதை அணைக்கவில்லை, அணைக்க மறந்துபோயிருந்தேன். கையைக் கழுவினேன். குழாயை மூடிய பிறகும் கை நீட்டியபடியே நின்றிருந்தேன். இதை நாளைக்குச் செய்யலாம். இன்றைக்கு எப்படியும் அது தூங்கியிருக்கும். நாளைக்கு நானே யாருக்கும் தெரியாமல் அந்த ஒரு ஏரியை மட்டும் வரைந்து வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஓட்டினால், யாரிடமும் ஒரு வார்த்தைகூட.

ஜெசிந்தா என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் கொய்யாப்பழம், இன்னொரு கையில் மவுஸ். "நல்ல வேளை நான் வந்தேன். ஸ்கிரீன் மங்கலாயிடுச்சு, ஓடி வந்து ஆட்டினேன். பாரு, முடிச்சே குடுத்துட்டேன். ட்ரீட் வைக்கணும் நீ." திரையில் பச்சைக் கோடு முழுசாக இருந்தது. கடைசி ஏரியும் முடிந்திருந்தது. அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும், அவள் முகம் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. தேங்க்ஸ் என்றேன். அறைக்குள்ளிருந்து சார் குரல் கொடுத்தார், ஓடிக்கொண்டிருக்கிற ஃபோன் பேச்சுக்கு நடுவே, முடிஞ்சுதாம்மா, அனுப்பிடு. முடிஞ்சுது சார் என்று எனக்குப் பதிலாக ஜெசிந்தாவே கத்தினாள், அன்பாகத்தான். எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். நாற்காலி சூடாக இருந்தது. ஃபைல் இருக்கிறது, மெயில் திறந்திருக்கிறது, ஒரு அழுத்து. இனிமேல் ஆட்டுவதற்கு எதுவும் இல்லை, கையை எடுப்பதற்கும் எதுவும் இல்லை. மடியில் மரக்கட்டை கனத்தது. சாவியைத் திருப்பி மாட்ட வேண்டும். எதற்காக இல்லாவிட்டாலும் இதற்காக அந்த அறைக்குள் போய்த்தான் ஆக வேண்டும்.

இந்த முறை தட்டவில்லை. உள்ளே போனேன். சார் அனுப்பிட்டியா என்று புருவத்தால் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். ஸ்பீக்கரில் அதிகாரி பேசிக்கொண்டே இருந்தார், எல்லா மாவட்டமும் கொடுத்தாச்சு, உங்களுது ஒண்ணுதான் பாக்கி என்றார். சார் கையை விரித்தார், என்னம்மா. வாக்கியத்தைத் தேடினேன், பஸ்ஸில் செய்த வாக்கியம், உள்வளையம், குடியிருப்பு, வெளிக்கோடு, ஒரு சொல்லும் அதனதன் இடத்தில் இல்லை. இருந்தது வேறு ஒன்று. வண்டி என் ஸ்டாப்பைத் தாண்டிக்கொண்டிருந்தது. கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"சார், பெரியாண்டித் தாங்கல் நடுவுல ஒரு வீட்ல நான் பாத்ரூம் போயிருக்கேன்."

என் குரல்தான். இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சாரின் கை விரித்தபடியே மேஜை மேல் நின்றது. வெளியே கொய்யாப்பழம் கடிக்கிற சத்தமும் நின்றது. முகம் எரிகிறது, காது எரிகிறது, நிற்கிற இடம் தெரியவில்லை, ஆனால் நின்றுகொண்டிருக்கிறேன். ஏரிக்குள்ளே எப்படிம்மா வீடு என்று கேட்டது சார் இல்லை. மேஜை மேல் இருந்த ஃபோன். மறுமுனையில் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல், "யாரும்மா அது? யார் வீடு?" என்றது.

ஸ்பீக்கரின் பக்கம் குனிந்தேன். பச்சையம்மா வீடு சார், என்றேன். கரையிலேர்ந்து ஒரு பாதை போகுது.